தென் இங்கிலாந்தில் பாய்மரப் படகுடன் வாழ ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுத்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

லண்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்து, வார இறுதி வகுப்புகளில் பாய்மரம் ஏற்றக் கற்றுக்கொண்டு, இனிக் கடலருகே குடிபோய்ச் சொந்தப் படகு ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணும் தமிழ்க் குடும்பங்களை இப்போது அவ்வப்போது சந்திக்க முடிகிறது. அவர்களில் பெரும்பாலோர் முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள். பிறகு அந்த வீட்டுக்கு அருகே படகு கட்ட இடம் கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. வீடு சில மாதங்களில் கிடைத்துவிடும். விரும்பிய துறையில் மூரிங், அதாவது படகைக் கட்டிவைக்கும் இடம், கிடைப்பதற்குச் சில ஊர்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டின் சன்னலிலிருந்து கடல் தெரிவதும், அந்தக் கடலில் உங்கள் படகு மிதப்பதும் வேறு வேறு செய்திகள் என்பதை நானும் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே இந்த வழிகாட்டி, முதலில் நீரையும் அதன் நேரத்தையும், அடுத்து மூரிங்கையும், அதன் பிறகு ஊரையும், கடைசியில் வீட்டையும் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகள் இங்கிலாந்தின் தென்கரையையும், லண்டனின் கிழக்கிலிருந்து எளிதில் எட்டக்கூடிய எசெக்ஸ், சஃபோக் கரைகளையும் சார்ந்தவை.

முதல் படி: எப்படிப் படகோட்டப் போகிறீர்கள் என்பதை எழுதி வைத்தல்

ஒரு தாளில் நான்கு விடைகளை எழுதுங்கள். ஆண்டில் உண்மையாகவே எத்தனை நாள் கடலுக்குப் போக முடியும், யாருடன் போவீர்கள், வாரத்தில் எத்தனை நாள் லண்டன் அலுவலகத்துக்கு வர வேண்டியிருக்கிறது, உங்கள் படகு நீருக்கடியில் எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கும். முதல் விடையில் எல்லோரும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வார்கள் என்பதால், மனதில் தோன்றிய எண்ணைப் பாதியாக்கி எழுதுவது நல்லது.

நான்காவது விடைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒற்றைக் கீல் (படகின் அடியில் நீருக்குள் நீண்டு நிற்கும் கனத்த தகடு) உள்ள 10 மீட்டர்ப் படகுக்குப் பொதுவாக ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை நீர் வேண்டும். நீர் வற்றினால் அது சாய்ந்து படுத்துவிடும். இருபுறமும் இரண்டு குட்டைக் கீல்கள் உள்ள படகுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை; சேற்றில் நிமிர்ந்தே உட்காரும். கீலை மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய படகுகளும் உண்டு. இன்னும் படகு வாங்காதவராக இருந்தால், இடத்தை முடிவு செய்த பிறகு அந்த நீருக்கு ஏற்ற படகை வாங்குங்கள். அழகுக்காக ஆழமான கீல் உள்ள படகை வாங்கிவிட்டு, ஆழமற்ற துறையில் இடம் தேடி அலைபவர்களை ஒவ்வொரு வசந்த காலத்திலும் பார்க்கிறேன்.

இரண்டாம் படி: வற்றையும் பெருக்கையும் படித்தல்

யாழ்ப்பாணத்துக் கடலில் நீர் வற்றுவதும் பெருகுவதும் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. சென்னையிலும் ஏறத்தாழ அந்த அளவுதான். அந்த நினைவோடு இங்கே வருபவருக்கு இங்கிலாந்துக் கடல் முதலில் அச்சத்தைத்தான் தரும். பெரிய ஓதத்தின்போது, அதாவது நீர் மிக அதிகமாகப் பெருகி வற்றும் நாட்களில், நீர் மட்டத்தின் ஏற்ற இறக்கம் போர்ட்ஸ்மத்திலும் சவுத்தாம்டனிலும் ஏறத்தாழ 4 மீட்டர்; பிளிமத்திலும் ஃபால்மத்திலும் 4.5 மீட்டருக்கு மேல்; பிரிஸ்டலுக்கு அருகேயுள்ள ஏவன்மத்தில் 12 மீட்டர். தென்கரையிலேயே லிமிங்டனில் அது இரண்டரை மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பூல் துறைமுகத்தில் இரண்டு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. காரில் ஒரு மணி நேர இடைவெளியில் உள்ள இரண்டு ஊர்களில் நீரின் குணம் இவ்வளவு மாறுகிறது.

பெரிய ஓதம் அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து வரும். சிறிய ஓதம் அஷ்டமிக்கு ஓரிரு நாள் கழித்து வரும். எனவே உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி, எந்த வார இறுதியில் நீர் அதிகம் வற்றும் என்பதை ஓர் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிடும். துல்லியமான நேரத்துக்கும் உயரத்துக்கும் ஓத அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும் என்றாலும், திட்டமிடுவதற்குத் திதி போதும். என் படகில் அட்டவணைக்கு அருகே ஒரு தினசரி நாட்காட்டியும் இருக்கிறது. ஏறி வரும் ஆங்கிலேய நண்பர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே ஊரில் பெரிய ஓதத்தின் உச்ச நீர் எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். போர்ட்ஸ்மத் பகுதியில் அது நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வருகிறது. பிளிமத், ஃபால்மத் பக்கம் காலை, மாலை ஆறு மணியை ஒட்டி வருகிறது. பாதி நேரம் வற்றிவிடும் மூரிங்கை எடுக்க நினைப்பவருக்கு இது வெறும் தகவல் அன்று. உச்ச நீருக்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரம் மட்டுமே உங்கள் படகு மிதக்கும் என்று வைத்துக்கொள்வோம். போர்ட்ஸ்மத் பக்கத்தில் பெரிய ஓதம் உள்ள சனிக்கிழமையன்று காலை பத்து மணிக்குப் புறப்பட்டு மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம். சிறு குழந்தைகளோடு போக அதைவிட நல்ல நேரம் கிடையாது. அடுத்த சனிக்கிழமை சிறிய ஓதத்தை நெருங்கியிருக்கும். அன்று காலையிலேயே வெளியேறி, மாலையில் நீர் திரும்பப் பெருகும் வரை வெளியில்தான் இருந்தாக வேண்டும். மேற்கே டெவனிலும் கார்ன்வாலிலும் இந்த ஒழுங்கு தலைகீழாகும். அன்றியும், சிறிய ஓத நாட்களில் உச்ச நீரின் உயரமே குறைவு என்பதால், கரையை மிக ஒட்டிய சில மூரிங்குகளில் படகு அந்த வாரம் முழுவதும் மிதக்காமலே சேற்றில் கிடக்கும்.

இதை நான் கற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் படகை வாங்கியபோது, அதனுடன் கிடைத்த மூரிங்கில் ‘பெரும்பாலும் நீர் இருக்கும்’ என்று விற்றவர் சொன்னார். செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அரை மணி நேரம் தாமதமாகத் திரும்பிய எங்களை, மூரிங்குக்கு நூறு அடி தொலைவில் சேறு பிடித்துக்கொண்டது. மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை, இரண்டு பிள்ளைகளோடு, ஒரு பக்கம் சாய்ந்த படகில், மிஞ்சியிருந்த புளிச்சோற்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் பள்ளிக்கூடம். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை எத்தனை மணி நேரம், எத்தனை மீட்டர் என்று எண்ணாக மாற்றிக் கேட்டிருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்காது.

சோலண்ட் எனப்படும், வைட் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீரிணையில் இன்னொரு விந்தையும் உண்டு. சவுத்தாம்டனில் நீர் உச்சத்தை எட்டியபின் உடனே இறங்காமல், சற்றுத் தாழ்ந்து மீண்டும் எழுவதால், இரண்டு மணி நேரத்துக்கு மேலாகவே உச்ச நிலையில் நிற்கிறது. படகு கட்டுபவருக்கு இது வரம். ஆனால் நின்ற நேரத்தையெல்லாம் ஈடு செய்வதுபோல் அதன்பின் நீர் மிக வேகமாக வற்றும்; இறங்குநீரோட்டத்தின் வலிமை அப்போதுதான் புரியும். நீரிணையின் மேற்கு வாயிலான ஹர்ஸ்ட் முனையில் பெரிய ஓதத்தின்போது நீரோட்டம் 4 நாட் (knot, அதாவது மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தைத் தாண்டுகிறது. பாய் விரித்து 5 நாட்டில் ஓடும் சிறு படகு அதற்கு எதிராகப் போனால், கரையிலுள்ள கோட்டை ஒரு மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தெரிந்துகொண்டிருக்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் சோழகம், வாடை என்று ஆண்டை இரண்டாகப் பிரித்துப் பழகியவர்கள், இங்கே காற்று ஒரே நாளில் திசை மாறுவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் மிகுதியாக வீசுவது தென்மேற்குக் காற்று. எனவே எந்தத் துறையைப் பார்த்தாலும், தென்மேற்குக் காற்று அதன் வாயிலுக்குள் நேராக அடிக்கிறதா, உள்ளே படகுகள் நிற்குமிடத்துக்கும் காற்று வரும் திசைக்கும் இடையே எவ்வளவு திறந்த நீர் இருக்கிறது என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும் துறைவாயில், நல்ல வெயில் நாளிலும் ஆபத்தானது.

மூன்றாம் படி: மூரிங்கின் வகையை முடிவு செய்தல்

மரினா எனப்படும் கட்டணப் படகுத்துறையில் மிதவைப் பலகைத் தளத்தோடு படகைக் கட்டிவைக்கலாம். காலணியோடு நடந்துபோய் ஏறலாம். தண்ணீர், மின்சாரம், குளியலறை எல்லாம் உண்டு. கட்டணம் படகின் நீளத்துக்கு மீட்டர்க் கணக்கில் வசூலிக்கப்படுகிறது. விளம்பரத்தில் உள்ள தொகையில் 20 விழுக்காடு வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். படகின் நீளத்தை அளக்கும்போது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத்தையும் சேர்த்து அளப்பார்களா என்றும் கேளுங்கள். 10 மீட்டர்ப் படகுக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். சில மரினாக்களின் வாயிலில் மதகோ, நீரைத் தேக்கி நிறுத்தும் தடுப்போ இருக்கும். உள்ளே எப்போதும் ஆழம் இருக்கும். ஆனால் தடுப்புக்கு மேல் போதிய நீர் வரும் நேரத்தில்தான் உள்ளேயும் வெளியேயும் போக முடியும்.

மிதவை மூரிங் என்பது, கடலடியில் கனமான எடையோடு பிணைத்த சங்கிலியின் மேல்முனையில் மிதக்கும் பந்து. படகு அதைச் சுற்றிக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பத் திரும்பிக்கொள்ளும். செலவு மரினாவில் ஒரு சிறு பங்குதான். ஆனால் படகுக்குப் போக டிங்கி எனப்படும் சிறு வள்ளம் வேண்டும்; அதை வைக்கக் கரையில் இடம் வேண்டும்; அந்த இடத்துக்குத் தனிக் கட்டணமும் தனிக் காத்திருப்புப் பட்டியலும் இருக்கலாம். கரைக்கும் படகுக்கும் இடையிலுள்ள அந்த இருநூறு மீட்டரில்தான் பலரும் விபத்துக்குள்ளாகிறார்கள் என்பதால், டிங்கியிலும் உயிர்காப்பு அங்கி அணிவதைக் குடும்பச் சட்டமாக்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தின் முடிவில் இந்தக் கடலின் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அந்தக் குளிர் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்துவிடும். வயதான பெற்றோரையோ மிகச் சிறு குழந்தைகளையோ அடிக்கடி அழைத்துப்போக விரும்புபவர், பணத்தை வேறெதிலாவது மிச்சம் பிடித்து மரினாவையே எடுக்கட்டும் என்பது என் கருத்து.

இவற்றுக்கு இடையில், ஆற்றின் நடுவே இரு மிதவைகளுக்கு இடையில் முன்னும் பின்னும் கட்டும் இடங்களும், வற்றும்போது தரை தட்டும் மலிவான இடங்களும், எசெக்ஸ் உப்புச் சதுப்புகளில் படகு தன் வடிவத்துக்குச் சேற்றில் குழி பறித்துக்கொண்டு உட்காரும் சேற்றுத் துறைகளும் உள்ளன.

யாரிடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். கடலடி நிலத்தில் பெரும்பகுதியும் அலைவாய்க் கரையில் ஏறத்தாழப் பாதியும் அரச உடைமைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரவுன் எஸ்டேட் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. அன்றாடத்தில் மூரிங் கொடுப்பவர்கள் துறைமுக நிர்வாகம், படகுச் சங்கம், படகுத்தொழில் கூடம் ஆகிய மூவரில் ஒருவர். மூன்று பட்டியல்களும் வேறானவை. மூன்றிலும் பெயரைப் பதிந்து வையுங்கள். மூரிங் உரிமம் பொதுவாக ஆளுக்குரியது. படகோடோ வீட்டோடோ அது தானாகக் கைமாறும் என்று நம்பாதீர்கள். ‘சொந்த மூரிங்குடன் கூடிய வீடு’ என்ற விளம்பரத்தைக் கண்டால், உரிமக் கடிதத்தைக் காட்டச் சொல்லி, புதிய உரிமையாளர் பெயருக்கு அது மாற்றப்படுமா என்று துறைமுக அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: கரைகளை ஒப்பிடுதல்

சோலண்ட்டும் அதையொட்டிய ஆறுகளும்தான் புதியவர் முதலில் பார்க்க வேண்டிய பகுதி. வைட் தீவு அரணாக நிற்பதால் தென்மேற்குக் காற்றிலும் படகோட்ட முடிகிறது. ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய துறைகள் பல உள்ளன. பழுதுபார்ப்பவர், பாய் தைப்பவர், பயிற்சிப் பள்ளி எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. கவ்ஸ் ஊரில் 1826 முதல் நடந்துவரும் பந்தய வாரம், இந்த நீரின் மீது இந்நாட்டவருக்குள்ள பற்றுக்கு ஒரு சான்று. ஹாம்பிள் ஆற்றின் இரு கரைகளிலும் மரினாக்கள் நெருங்கி நிற்கின்றன. வசதிக்கும் விலைக்கும் அதுவே உச்சம். லிமிங்டன் அமைதியானது, அழகானது, வீட்டு விலையில் இரக்கமற்றது.

பணத்தைப் பார்த்துச் செலவழிக்க வேண்டியவருக்கு நான் சொல்வது கோஸ்போர்ட். போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் மேற்குக் கரையில், நல்ல மரினாக்களோடு, எந்த நேரத்திலும் வெளியேறக்கூடிய ஆழ நீரோடு இருக்கும் ஊர் அது. அங்கே ரயில் நிலையம் இல்லை என்பதால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பயணிகள் படகு சில நிமிடங்களில் எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இறங்கும் இடத்திலேயே ரயில் நிலையம். அங்கிருந்து லண்டன் வாட்டர்லூவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். சவுத்தாம்டனிலிருந்து விரைவு ரயிலில் இன்னும் குறைவான நேரமே ஆகும்.

சோலண்ட்டின் குறை நெரிசல். சரக்குக் கப்பல்களும் உல்லாசக் கப்பல்களும் போர்க்கப்பல்களும் அதே நீரில்தான் வருகின்றன. சவுத்தாம்டனுக்குப் போகும் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு, குறிக்கப்பட்ட பகுதியில், முன்னால் 1,000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் இடம் விட்டுச் சிறு படகுகள் விலக வேண்டும். போர்ட்ஸ்மத் வாயிலில் சிறு படகுகளுக்கென்று தனிக் கால்வாய் உண்டு. எஞ்சின் உள்ள படகு அதை ஓடவிட்டே அதில் செல்ல வேண்டும். விதிகள் கடினமானவை அல்ல. படிக்காமல் போனால்தான் கடினம்.

கிழக்கே சிச்செஸ்டர் துறை. கடலிலிருந்து உள்வாங்கிய, மரங்கள் நீர் வரை இறங்கி நிற்கும், பறவைகள் நிறைந்த விரிந்த நீர்ப்பரப்பு. குழந்தைகள் சிறு படகில் கற்க அதைவிடச் சிறந்த இடம் தென்கரையில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அதன் வாயிலில் மணல்திட்டு இருக்கிறது. பலத்த தெற்குக் காற்று, வற்றி வெளியேறும் நீரோட்டத்தை எதிர்க்கும்போது அங்கே எழும் அலை படகைக் கவிழ்க்கக்கூடியது. அன்று உள்ளேயே இருந்துவிட வேண்டும். பெரும்பகுதி வற்றிவிடும் துறை என்பதால், ஆழமான கீல் உள்ளவர் வாய்க்கால்களுக்குள் அடங்கிப் போக வேண்டும். அதன் கரையில் போஷம் என்ற பழைய சிற்றூர் உண்டு. கடலை நிற்கச் சொல்லிக் கட்டளையிட்ட கன்யூட் மன்னரின் கதையை அவ்வூரார் தம் ஊரில் நடந்ததாகச் சொல்வார்கள். பெரிய ஓதத்தின்போது அவ்வூர்க் கரைச் சாலை நீரில் மூழ்கும். அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் நிறுத்திய கார்களும் மூழ்கும். வீடு பார்க்கப் போகிறவர் அங்கே ஓத அட்டவணையை முதலில் காருக்குப் பயன்படுத்த வேண்டும்.

மேற்கே பூல், ஐரோப்பாவின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. ஏற்ற இறக்கம் குறைவு என்பது பெரும் நிம்மதி. ஆழமும் குறைவு என்பது அதன் மறுபக்கம். குறுகிய வாயிலில் நீரோட்டம் கடுமையாக ஓடும். அதே வாயிலைக் குறுக்கே கடக்கும் சங்கிலிப் படகுக்கும் வழிவிட வேண்டும். ஊருக்கு மேற்புறம் உள்ள ஹோல்ஸ் விரிகுடாவில் இடம் எடுத்தால், 1927இல் கட்டிய தூக்குப் பாலத்தையும் 2012இல் திறந்த இரட்டைப் பாய்ப் பாலத்தையும் அவை திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்துதான் கடக்க முடியும். அங்கே மூரிங் மலிவாகத் தெரிந்தால், இந்தக் காத்திருப்பையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

டெவனும் கார்ன்வாலும் படகோட்டிகளின் கனவு. ஃபால்மத்தின் ஆழமான நீரில் எந்த நேரமும் உள்ளே வரலாம். பிளிமத்தை 1812இல் கட்டத் தொடங்கிய நீண்ட அலைத்தடுப்பு காக்கிறது; அது உண்மையான நகரம் என்பதால் வேலையும் மருத்துவமனையும் பள்ளியும் உண்டு. சால்கம் பார்க்கச் சொர்க்கம்; ஆனால் அதன் வாயில் மணல்திட்டில் 1916 அக்டோபரில் மீட்புப் படகு கவிழ்ந்து, இருந்த 15 பேரில் 13 பேர் இறந்தார்கள் என்பதையும் அறிந்திருங்கள். லண்டனிலிருந்து பிளிமத்துக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல், ஃபால்மத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் வரவேண்டியவருக்கு அது வாழ்க்கை ஆகாது.

கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் உறவுகளை வைத்திருப்பவருக்கு எசெக்ஸ் கரையே அருகில் இருக்கிறது. குரௌச் ஆற்றின் கரையிலுள்ள பர்ன்ஹாமுக்கு லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து விக்ஃபோர்டில் மாறி ரயிலிலேயே போகலாம். மூரிங்கும் வீடும் தென்கரையைவிடப் பொதுவாக மலிவு. தேம்ஸ் முகத்துவாரத்தின் மணல்திட்டுகளும் பழுப்பு நீரும் முதலில் மனதை ஈர்க்காது. ஆனால் இந்த மணல்திட்டுகளிடையே வழி கண்டுபிடிக்கக் கற்றவர் வேறெங்கும் தடுமாற மாட்டார். மேற்கு மெர்சியில் வீடு பார்ப்பவர், அந்தத் தீவை இணைக்கும் ஒரே சாலை பெரிய ஓதத்தில் மூழ்கும் என்பதை, காலை வேலைக்குப் போகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சஃபோக்கின் டெபன் ஆற்று வாயிலில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். சென்ற ஆண்டு வந்த வழி இந்த ஆண்டு இருக்காது.

ஐந்தாம் படி: வீடு

மூரிங்கிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் வீடு தேடுங்கள். நீரோரம் வேண்டாம் என்பதே என் பரிந்துரை. இரண்டு மைல் உள்ளே போனால் விலை இறங்கும், உப்புக்காற்றில் சன்னல் பிடிகள் துருப்பிடிப்பது குறையும், வெள்ள அச்சமும் தணியும்.

எந்த வீட்டைப் பார்த்தாலும் அரசு இணையதளத்தில் அதன் அஞ்சல் குறியீட்டை இட்டு நீண்டகால வெள்ள அபாயத்தைப் பாருங்கள். அதோடு நில்லாமல், அந்தக் கரைக்கான கடற்கரை மேலாண்மைத் திட்டத்தையும் தேடிப் படியுங்கள். கரையின் ஒவ்வொரு துண்டுக்கும், இப்போதுள்ள அரணைக் காப்பதா, கடலை உள்ளே விட்டுப் பின்வாங்குவதா, ஒன்றும் செய்யாதிருப்பதா என்ற கொள்கை அதில் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுத் தரகர் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார். வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் காப்பீட்டைக் கட்டுப்படியாக்கும் ஃப்ளட் ரீ ஏற்பாடு, 2009 ஜனவரி 1க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்குப் பொருந்தாது. அழகிய புதிய நீரோரக் குடியிருப்பை வாங்கும் முன் காப்பீட்டு விலையைக் கையில் வாங்கிவிடுங்கள்.

லண்டன் வீட்டை வைத்துக்கொண்டே கடலோரத்தில் இரண்டாவது வீடு வாங்க நினைப்பவர், 2024 அக்டோபர் 31 முதல் முத்திரை வரியில் 5 விழுக்காடு கூடுதலாகக் கட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கவும் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. மரினாவில் படகிலேயே குடியிருந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் கேட்பதுண்டு. பெரும்பாலான மரினா ஒப்பந்தங்கள் நிரந்தரக் குடியிருப்பைத் தடை செய்கின்றன.

கடலோரச் சிற்றூர்களில் நம் கடைகள் இல்லை. மாதம் ஒரு முறை டூட்டிங்குக்கோ ஹாரோவுக்கோ போய் மூட்டை கட்டி வரத்தான் வேண்டும். பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் கோயிலும் எங்கே என்பதையும் மூரிங் விசாரிக்கும் அதே கவனத்தோடு விசாரியுங்கள். கடலுக்காக வந்த குடும்பம் தனிமையால் திரும்பிப் போவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: நவம்பரில், வற்றில் போய்ப் பார்த்தல்

ஜூன் மாதத்தில் பதினாறு மணி நேரப் பகல் வெளிச்சத்தில், உச்ச நீரில் பார்த்தால் எந்தத் துறையும் அழகுதான். பெரிய ஓதத்துக்குரிய நவம்பர் நாள் ஒன்றில், நீர் முழுதும் வற்றிய நேரத்தில், தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அதே இடத்தில் போய் நில்லுங்கள். சேறு எவ்வளவு தூரம் போகிறது, டிங்கி இறக்கும் சரிவில் பாசி எவ்வளவு படிந்திருக்கிறது, மூரிங்கில் நிற்கும் படகுகள் எவ்வளவு துள்ளுகின்றன, கடைகள் திறந்திருக்கின்றனவா, தெருவில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். இருண்ட சன்னல்கள் மிகுந்த தெரு, கோடையில் மட்டும் வாழும் தெரு.

அன்றே படகுச் சங்கத்துக்குள் போய்ப் பேச்சுக் கொடுங்கள். தொப்பியும் கோட்டும் அணிந்தவர்களின் இடம் என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சில சங்கங்கள் அப்படித்தான். பெரும்பாலானவற்றில், பந்தயத்துக்கு ஆள் குறைகிறது என்பதே அவர்களின் அன்றாடக் கவலை. புதன்கிழமை மாலைப் பந்தயத்துக்கு வருகிறேன் என்றால் யாராவது ஒருவர் படகில் ஏற்றிக்கொள்வார். நான்கு மாலைகள் வேறொருவர் படகில் ஓடினால், அந்த நீரைப் பற்றி நான்கு ஆண்டுக் கல்வி கிடைக்கும். இந்நாட்டில் சொந்த மகிழ்வுப் படகைக் கடலில் ஓட்டச் சட்டப்படி உரிமம் தேவையில்லை என்றாலும், ராயல் யாட்டிங் அசோசியேஷனின் டே ஸ்கிப்பர் பயிற்சியை முடித்தவருக்குக் காப்பீடும் எளிது, பிறரின் நம்பிக்கையும் எளிது. படகிலிருந்து பேசப் பயன்படும் வி.எச்.எஃப் வானொலியை இயக்க மட்டும் சான்றிதழ் கட்டாயம்.

பிரான்சின் ஷெர்பூருக்கு ஒரு நாள் ஓட்டத்தில் போய்விடலாம் என்று சோலண்ட்டில் எல்லோரும் சொல்வார்கள். போகலாம். ஆனால் இப்போது பிரிட்டனை விட்டுப் புறப்படும்போதும் திரும்பும்போதும் எல்லைக் காவலுக்கு அறிவிக்க வேண்டும். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாதவர், விமானப் பயணத்தைப் போலவே, ஷெங்கன் விசா தேவையா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு வரும் விருந்தினரைப் படகில் ஏற்றும் முன் இதைக் கேட்க மறவாதீர்கள்.

ஏழாம் படி: ஒப்பந்தம்

பல இடங்களில் மூரிங் ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. எனவே இடம் கேட்க உகந்த காலம் இலையுதிர் காலம். பழையவர்கள் விலகுவதாக அறிவிக்கும் நேரம் அதுவே. கையெழுத்திடும் முன் சில கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுங்கள். வற்றின் அடிமட்டத்தில் அந்த இடத்தில் எத்தனை மீட்டர் நீர் நிற்கும்? சங்கிலியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, சோதிப்பது யார்? நடுவில் படகை விற்றால் கட்டணத்தில் ஏதேனும் திரும்புமா? மூன்றாம் தரப்புக் காப்பீடு எவ்வளவு தொகைக்கு வேண்டும்? காப்பீட்டு நிறுவனத்திடமும் தனியே கேளுங்கள். மிதவை மூரிங்கில் குளிர்காலம் முழுவதும் படகை விட்டுவைப்பதைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. அப்படியானால் படகைக் கரையேற்றி நிறுத்த இடமும் கிரேன் செலவும் உங்கள் ஆண்டுக் கணக்கில் சேரும்.

முதல் ஆண்டு வாடகை வீட்டில் இருங்கள். அந்த ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் எத்தனை முறை உண்மையாகவே படகுக்குப் போனீர்கள் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முதல் படியில் தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள். வீடு கைக்கு வந்த வாரமே துறைமுக அலுவலகத்துக்குப் புதிய முகவரியை எழுதி அனுப்புங்கள். சில துறைகளில் உள்ளூரில் உள்ளாட்சி வரி கட்டுபவருக்குக் காத்திருப்புப் பட்டியலில் தனி வரிசை உண்டு, அது நீங்கள் எழுதிய தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.